ஹோமீ: ‘தொண்டைப் பாடல்’ என்று சொல்லலாமா?

மங்கோலிய மொழியில் ‘ஹோமீ’ என்பது தொண்டைக்குழியின் பெயர். அதுவே அங்கிருந்து எழும் பாட்டுக்கும், அதாவது ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு ஒலி எழுப்பிப் பாடும் முறைக்கும், ஆகிவந்தது. இதைத் தமிழில் ‘தொண்டைப் பாடல்’ என்று சொல்லலாமா என்பதே கேள்வி. நம் இலக்கணத்தில் இது கருவியாகுபெயர்: கருவியின் பெயர் அதன் விளைவுக்கு ஆகிவருவது. பாடுபவர் ‘ஹோமீச்’. ரஷ்யாவுக்குள் இருக்கும் துவா மக்களும் இதே சொல்லை ‘ஹோமெய்’ என்கிறார்கள். ‘கூமி’ என்று நாம் எழுதுவது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து வந்தது. முதலெழுத்து தொண்டையை உரசும் ஹகரம், அடுத்தது ஓகாரத்துக்கும் ஊகாரத்துக்கும் இடைப்பட்ட நெடில். எனவே ‘ஹோமீ’ என்பதே நெருக்கம்.

மேற்கு மங்கோலியாவில் ஹொவ்த் மாகாணத்தின் சந்த்மான் பகுதி இந்தக் கலைக்குப் பேர்போனது. 2010இல் யுனெஸ்கோ மங்கோலிய ஹோமீயைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு ஒலி எழுப்புகிறார் என்கிறார்களே, அது எப்படி? எந்தக் குரலிலும் அடிச்சுரத்தோடு (நாம் பாடும் சுருதி) அதன் மடங்குகளான மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அடிச்சுரம் 150 ஹெர்ட்ஸ் என்றால் எட்டாவது மடங்கு 1200, பன்னிரண்டாவது 1800. ஹோமீச் அடிச்சுரத்தைத் தம்புரா போல அசையாமல் நிறுத்தி, வாயறையின் வடிவை மாற்றி, மேற்சுரங்களில் ஒன்றை மட்டும் பெரிதாக்குகிறார். அதுதான் விசில் போலத் தனியே கேட்கிறது. அடிச்சுரத்தை ஆதார சட்ஜமாகக் கொண்டால் 6, 8, 9, 10, 12ஆம் மடங்குகள் முறையே ப, ச, ரி, க, ப. ஏழாவது கைசிகி நிஷாதத்துக்கு (தாழ்ந்த ‘நி’) சற்றுக் கீழே விழும். பதினொன்றாவது இரண்டு மத்தியமங்களுக்கும் (‘ம’ வகைகள்) நடுவில் நிற்கும். இந்த இரண்டையும் பெரும்பாலும் தாண்டிப் போவதால்தான் நம் காதுக்கு மோகன ராகத்தின் சாயல் தட்டுகிறது.

செய்து பார்க்க நமக்கு ஒரு வசதி உண்டு: ழகரம். ‘ஊ’ என்று ஒரே சுருதியில் நிறுத்தி, உதட்டைக் குவித்தபடியே நாக்கை ழகர நிலைக்கு வளைத்து, மெல்ல ‘ஈ’யை நோக்கி நகர்த்துங்கள். நாக்கு வளையும்போது வாயறையின் இரண்டு ஒத்ததிர்வுகள் (வாயறை இயல்பாகப் பெரிதாக்கும் அதிர்வெண்கள்) நெருங்கி வந்து ஒரே மேற்சுரத்தில் குவியும். குளியலறையில் செய்தால் மெல்லிய சீழ்க்கை தெளிவாகக் கேட்கும். அடிச்சுரம் நழுவினால் மெட்டும் கூடவே நழுவும். வயிற்றில் தர வேண்டிய அழுத்தத்தைக் கழுத்தில் தந்தால் இருமலும் கரகரப்பும்தான் மிச்சம்; உடனே நிறுத்திவிட வேண்டும்.

இனி தமிழ்ச்சொல். ‘தொண்டைப் பாடல்’ பொருந்தாது: எல்லாப் பாட்டும் தொண்டையிலிருந்துதான் வருகிறது, ஹோமீயின் மெட்டோ நாக்கிலும் உதட்டிலும் உருவாகிறது. மிடறு என்றால் தொண்டை; ‘மிடற்றிசை’ அழகான சொல்தான். ஆனால் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையே ‘யாழும் குழலும் சீரும் மிடறும்’ என்று வாய்ப்பாட்டை மிடறு என்கிறது. இன்றும் மிடற்றிசை என்றால் வாய்ப்பாட்டுதான். இயற்பியல் பாடத்தில் ஏற்கெனவே பழகிய ‘மேற்சுரம்’ இருக்கிறது. ‘மேற்சுரப் பாடல்’, பாடுபவர் ‘மேற்சுரப் பாடகர்’: இதுவே என் பரிந்துரை.

ஒரு விலக்கு, ‘ஹர்ஹிரா’ என்னும் உறுமல் வகை. அதில் குரல்நாண்களுக்கு மேலுள்ள போலி நாண்களும் சேர்ந்து பாதி வேகத்தில் அதிர்வதால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி ஒலிக்கும். அதை ‘மிடற்றுறுமல்’ எனலாம். அங்கே வேலை செய்வது உண்மையிலேயே தொண்டைதான்.