அஞ்சரைக்கு முன்னாடி ஊத்துன பால் எந்த நாள் கணக்கு?

குடியாத்தம் பக்கம் ஒரு பால் சொசைட்டின்னு வெச்சுக்குங்க. விடிகாலை அஞ்சு மணிக்கே கேனோட வரிசை நின்னுடும், ஊத்த ஊத்த லிட்டர், ஃபேட், எஸ்என்எஃப் (கொழுப்பு போக பால்ல இருக்கற மத்த சத்து) எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறும், சீட்டு வரும். இதுல 5:10க்கு ஊத்துனவர் பால் நேத்து தேதியில ஏறி, பின்னாடியே நின்னு 5:35க்கு ஊத்துனவர் பால் இன்னிக்கு தேதியில ஏறுனா? "இன்னா சார், நேத்து நான் மூணு வேளையா ஊத்துனேன்?"னு தகராறுதான்.

விஷயம் சிம்பிள். இந்தக் கணக்கு ஏறுற கிளவுட் சர்வருங்க பெரும்பாலும் யூடிசி (UTC), அதாவது உலகப் பொது நேரத்துலதான் ஓடும், நம்ம கடிகாரம் அதுக்கு 5 மணி 30 நிமிஷம் முன்னாடி போகுது. நமக்கு ராத்திரி 12 ஆகும்போது சர்வருக்கு மணி சாயங்காலம் 6:30தான், அதுக்கு தேதி மாறவே நம்ம காலை 5:30 ஆகணும். அதுக்குள்ள "இன்னிக்கு என்ன தேதி"ன்னு புரோகிராம் சர்வரைக் கேட்டா நேத்து தேதியைத்தான் சொல்லும். வெப்சைட்டுங்களுக்கு புரோகிராம் எழுதுற ஜாவாஸ்கிரிப்ட்லயும் இதே கூத்துதான்: மார்ச் 15ன்னு நீங்க செலக்ட் பண்ண, அது நம்ம ஊர் நடுராத்திரியா எடுத்துக்கிட்டு, அதை டூஐஎஸ்ஓஸ்டிரிங் (toISOString)ங்கற கட்டளை போட்டு யூடிசிக்கு மாத்துனா மார்ச் 14, 18:30ன்னு வரும், அதுல முதல் பத்து எழுத்தை வெட்டி தேதின்னு சேவ் பண்ணா ஒரு நாள் போச்சு.

இது ஏன் டெஸ்டிங்ல மாட்டறதில்லன்னா, டெஸ்ட் பண்றவங்க பதினோரு மணிக்கு ஆபீஸ் வந்து டீ குடிச்சிட்டு பண்றாங்க. காலை 5:30ல இருந்து ராத்திரி 12 வரைக்கும் ரெண்டு தேதியும் ஒண்ணுதான், எல்லாம் பச்சை டிக். மிச்ச அஞ்சரை மணி நேரத்துல முழிச்சிருக்கறது பால்காரங்களும் மார்க்கெட்ல லோடு இறக்குறவங்களும் காட்பாடியில ரயிலுக்கு நிக்கறவங்களும்தான். டெஸ்ட்ல கடிகாரத்தை 5:29க்கும் 5:31க்கும் வெச்சு ஓட்டிப் பாருங்க, குட்டு உடனே வெளிய வந்துடும்.

அவசரத்துக்கு "5:30 கூட்டிடு"ன்னு புரோகிராம் கோடுல (code) எழுதிடுவாங்க பாருங்க, அது இன்னொரு தலைவலி. ஆறு மாசம் கழிச்சு வேற ஆள் வந்து சர்வரையே இந்திய நேரத்துக்கு மாத்துனா ரெண்டு தடவை கூட்டிடும், அப்புறம் சாயங்காலம் 6:30க்கு மேல ஊத்துற பால் எல்லாம் நாளைக்கு தேதியில போகும். அதுவுமில்லாம 5:30 எல்லா காலத்துக்கும் செல்லாது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல, 1942 செப்டம்பர்ல இருந்து 1945 அக்டோபர் நடு வரைக்கும், நம்ம நாட்டு நேரம் 6:30ஆ இருந்துச்சு. 1943ல பொறந்த பாட்டியோட பிறந்த தேதியை நடுராத்திரி நேரமா மாத்தி சேவ் பண்ணா, ஏஷியா/கொல்கத்தா (கம்ப்யூட்டர்ல இந்திய நேரத்துக்கு இருக்கற பேர்) ஜோன் அந்தப் பழைய கணக்கு தெரிஞ்சு 6:30ஐ கழிக்கும், காட்டும்போது கோடு 5:30ஐ மட்டும் கூட்டும், ராத்திரி 11 மணின்னு முந்தின நாள் வந்து நிக்கும். பேத்தி தேதி சரியா இருக்கும், பாட்டிக்கு மட்டும் தப்பும்!

பிறந்த தேதிக்கு நேரமே எதுக்கு, வெறும் தேதியா வெச்சா ஒரு தொல்லையும் இல்ல. பால் ஊத்துன நேரம் மாதிரி நடந்து முடிஞ்சதை யூடிசியில வெச்சுக்குங்க, ஆனா "எந்த நாள்"னு கணக்கு பிரிக்கும்போது ஏஷியா/கொல்கத்தாவுக்கு மாத்திட்டுப் பிரிங்க.

இனிமே நடக்கப்போறது மட்டும் தனி ரகம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் ஜெர்மனி பையருக்கும் வாராவாரம் அவங்க ஊர் காலை 10 மணிக்கு மீட்டிங்னா, குளிர்காலத்துல நமக்கு மதியம் 2:30, மார்ச் கடைசி ஞாயிறு அவங்க கடிகாரத்தை தள்ளி வெச்சப்புறம் 1:30, சரியா சாப்பாட்டு நேரம். அதனால இதை யூடிசியில போடாம "10 மணி, யூரோப்/பெர்லின்"னே சேவ் பண்ணணும். கவர்மென்டுங்க ரூலை மாத்தவும் மாத்துவாங்க, 2023 மார்ச்ல லெபனான் கடைசி நேரத்துல கடிகார மாத்தத்தை தள்ளிப்போட்டு, சில நாள்லயே அந்த முடிவையும் வாபஸ் வாங்குச்சு. எந்த ஊருக்கு எப்போ என்ன நேரம்னு கம்ப்யூட்டருங்க பாக்கற டைம் ஜோன் டேட்டாபேஸ் வருஷத்துக்கு பல தடவை அப்டேட் ஆகறதே இதுக்குத்தான், உங்க சர்வர்ல அது எந்த வருஷத்து வெர்ஷன்னு ஒரு தடவை பாத்துடுங்க.