முடங்கிய சாலையின் உண்மை விலை

சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் செல்லும் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது; அதன் தொடக்ககால மதிப்பீடு 1,815 கோடி ரூபாய். தூண்கள் கூவம் ஆற்றின் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று கூறி 2012இல் மாநில அரசு பணியை நிறுத்தியது. ஈரடுக்குச் சாலையாகத் திட்டம் மாற்றப்பட்டு 2022 மே மாதத்தில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டபோது, மதிப்பீடு 5,850 கோடியைத் தாண்டியிருந்தது. இடைப்பட்ட நாலாயிரம் கோடியே தாமதத்தின் நட்டம் என்று பலரும் சொல்கிறார்கள். பொருளியல் அந்தக் கழித்தலை ஏற்பதில்லை.

விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறியதாகக் கொண்டாலே, 1,815 கோடி 13 ஆண்டுகளில் ஏறத்தாழ 3,870 கோடியாகிவிடும். இதில் கூடுதல் சிமெண்டோ உழைப்போ செலவாகவில்லை. பணத்தின் மதிப்புதான் குறைந்தது. மீதி வேறுபாட்டிலும் இரண்டாம் அடுக்குக்கான செலவு கலந்திருக்கிறது.

பெரிய இழப்பு, சாலை இருந்திருந்தால் கிடைத்திருக்கும் பயனில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்குப் பத்தாயிரம் லாரிகள் தலா ஒரு மணி நேரம் காத்திருக்கின்றன என்றும், டீசல், ஓட்டுநர் கூலி, வண்டி முடங்குவது ஆகியவை சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய் ஆகிறது என்றும் கொள்வோம்: நாளுக்கு 30 லட்சம், ஆண்டுக்கு ஏறத்தாழ 110 கோடி. ஆனால் அந்தப் பயன் அடியோடு அழிவதில்லை, தள்ளிப்போகிறது என்பதால், வருங்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட வேண்டும். இந்தியச் சாலைத் திட்டங்களில் வழக்கமாகக் கொள்ளப்படும் 12 விழுக்காட்டு வீதத்தில், பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய் இன்று 32 ரூபாய்க்கே சமம். பாதியில் நின்ற தூண்களில் முடங்கிய பணத்துக்கும் இதே வீதத்தில் வட்டி ஏறுகிறது. செலவிடாமல் மிஞ்சிய தொகை அந்த ஆண்டுகளில் வேறு பணிக்கு உதவியிருந்தால், அந்த நன்மையைக் கழிப்பதே நேர்மையான கணக்கு. ஆற்றுக்கு நேரவிருந்த கேடு உண்மையிலேயே தவிர்க்கப்பட்டிருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

சாலையைப் பயன்படுத்துவோர் சுமக்கும் இந்த இழப்பு எந்த அரசுக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை என்பதாலேயே, தாமதம் மலிவானதாகத் தோன்றுகிறது. அதை ஒப்பந்தத்திலேயே நாள் விலையாக எழுதிவிடலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1994 ஜனவரி நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸின் சாண்டா மோனிகா நெடுஞ்சாலைப் பாலங்கள் இடிந்தபோது, கெடுவுக்கு முன் முடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2 லட்சம் டாலர் ஊக்கத்தொகை என்று கலிபோர்னியா அரசு ஒப்பந்தத்தில் எழுதியது. ஒப்பந்ததாரர் 74 நாள் முன்னதாகவே முடித்து ஏறத்தாழ 1.48 கோடி டாலர் பெற்றார். அந்தச் சாலை மூடியிருந்த ஒவ்வொரு நாளும் நகரத்தின் பொருளாதாரம் இழந்ததாக அப்போது மதிப்பிடப்பட்ட தொகை 10 லட்சம் டாலர்.