குழந்தைய பாத்தா ஒண்ணுமே தோணலையா? தனியா உக்காந்து அழாதீங்கம்மா

"மேடம், குழந்தைய கையில குடுத்தாங்க, எனக்கு ஒண்ணுமே தோணல." பிரசவம் ஆன அம்மாக்களுக்கு நான் ஆன்லைன்ல நடத்துற குரூப்ல இத சொல்றவங்க பெரும்பாலும் கேமராவ ஆஃப் பண்ணிட்டுதான் சொல்வாங்க. சொன்னதும் ரெண்டு செகண்ட் அமைதியா இருக்கும், அப்புறம் இன்னொருத்தங்க மைக்க ஆன் பண்ணி "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு"ம்பாங்க. அந்த "எனக்கும்" செய்யுற வேலைய நான் தனியா ஒரு மணி நேரம் பேசினாலும் செய்ய முடியாது.

இது அபூர்வமும் இல்ல. 1980லயே ராப்சன், குமார்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இத பத்தி எழுதியிருக்காங்க, முதல் பிரசவம் ஆனவங்கள்ல கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் குழந்தைய முதல்ல தூக்கினப்ப பெருசா எந்த உணர்ச்சியும் வரலன்னுதான் சொன்னாங்க. ஆனா இத யாரும் வெளிய பேசுறதில்ல, அதனால ஒவ்வொரு அம்மாவும் தான் மட்டும்தான் கல்நெஞ்சக்காரின்னு நினைச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள நொந்துபோறாங்க.

குரூப்ல குழந்தை மடியிலயே இருக்கலாம், அழலாம், பால் குடுக்கலாம். பிறந்த குழந்தைக்கு 20ல இருந்து 30 செ.மீ. தூரம் வரைக்கும்தான் ஓரளவு தெளிவா தெரியும், பால் குடுக்குறப்ப அம்மா முகம் இருக்குற தூரம்தான் அது. அதனால ரெண்டு நிமிஷம் அந்த தூரத்துல முகத்த வச்சுட்டு, எதுவும் சொல்லிக்குடுக்காம, குழந்தை என்ன பண்ணுதுன்னு மட்டும் பாக்க சொல்வேன். அப்படி பாக்குறப்ப ஒரு அம்மா "பாருங்க, மூஞ்ச திருப்பிக்குறான், என்ன புடிக்கல"ன்னு அழுதாங்க. ஸ்கிரீன்ல பாத்துட்டு இருந்த இன்னொரு அம்மா "இல்லங்க, நீங்க பேசுனதும் அவன் கால் ஆட்டுறத நிறுத்திட்டான், உங்க குரலதான் கேக்குறான்"னாங்க. உண்மைதான், முகத்த திருப்புறது பெரும்பாலும் குழந்தை எடுத்துக்குற சின்ன ரெஸ்ட், கொஞ்சம் பொறுத்தா தானா திரும்பி பாக்கும்.

எட் ட்ரானிக்னு ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மாவும் குழந்தையும் பழகுறத வருஷக்கணக்கா வீடியோ எடுத்து பாத்தவர். நல்லா ஒட்டுதலா இருக்குற ஜோடிகள்லயே ரெண்டு பேரும் ஒரே தாளத்துல இருக்குறது சுமார் 30 சதவீத நேரம்தான், மீதி நேரமெல்லாம் தப்பிப்போறதும் திரும்ப சேர்றதும்தான், அந்த திரும்ப சேர்றதுலதான் நம்பிக்கை வளருதுன்னு அவர் சொல்றார். எந்நேரமும் சிரிச்சுட்டே இருக்கணும்னு தன்னையே வாட்டிக்குற அம்மாக்கள்கிட்ட நான் முதல்ல சொல்றது இதத்தான்.

வீட்ல இருக்கவங்களுக்கு ஒண்ணு: அந்த ஒரு மணி நேரம் அவங்களுக்கு ஒரு ரூம குடுங்க, கதவ சாத்திக்கட்டும். பக்கத்துல யாராச்சும் காத தீட்டிக்கிட்டு நின்னா எந்த பொண்ணும் மனசு விட்டு பேசமாட்டா.

குரூப் மட்டும் போதாத இடமும் இருக்கு. பிரசவத்துக்கப்புறம் சும்மா சும்மா அழுகை வர்றது ரெண்டு வாரத்துல தானா அடங்கிடும், அடங்கலன்னா டாக்டர பாக்கணும். பிரசவத்துக்கப்புறம் மனச்சோர்வு இருக்கான்னு பாக்க எடின்பரோ ஸ்கேல்னு 1987ல இருந்து இருக்குற 10 கேள்வி ஃபார்ம் ஒண்ணு உண்டு, சேர்றவங்க எல்லாரையும் அத நிரப்ப சொல்வேன். தன்னையோ குழந்தையவோ ஏதாச்சும் பண்ணிடுவோமோன்னு எண்ணம் வந்தாலோ, தூக்கமே இல்லாம படபடன்னு பேசிட்டே இருந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ அடுத்த மீட்டிங் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு பிரசவத்துக்கப்புறம் வர்ற சைக்கோசிஸ்ங்குற தீவிரமான மனநோயா அது இருக்கலாம், சீக்கிரம் பாத்தா நல்லா குணமாகும்.

நூத்துக்கணக்கான பேர் இருக்குற வாட்ஸ்அப் குரூப்ப நான் இதுக்கு சொல்லமாட்டேன், அங்க யாரு குழந்தை முதல்ல குப்புற விழுந்துச்சுன்னு ஒப்பிட்டே மனசு இன்னும் கெட்டுப்போகும். ஏழெட்டு பேருக்குள்ள இருக்குற, நடுவுல புதுசா யாரையும் சேக்காத குரூப்பா பாருங்க. யாரு நடத்துறாங்க, என்ன படிச்சிருக்காங்க, ரெக்கார்ட் பண்ணுவாங்களா, ராத்திரி நிலைமை மோசமானா யாருக்கு போன் பண்றதுன்னு சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க, சரியா பதில் வரலன்னா வேற இடம் தேடுங்க.