வைகாசியில் வந்து இறங்காதீர்கள்

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பி, வெயில் அடித்து விழுந்து என்னிடம் வந்தவர்களில் இந்தக் கோடையில் இவர் நான்காவது ஆள். மூன்றோடு நின்றிருந்தால் வழமைபோலக் கிளினிக்கில் ஏசிவிட்டு விட்டிருப்பேன். நான்காவது ஆளையும் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வயது 72. கனடாவில், ஸ்காபரோவில் 34 வருடம் இருந்தவர். மனைவி போன பிறகு, "இனி அந்தப் பனியை வழிச்சுக்கொண்டு கிடக்க என்னால ஏலாது" என்று மட்டக்களப்பில், கல்லடியில் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டைத் திருத்தி, மே இரண்டாம் கிழமை வந்து இறங்கினார். பிரஷருக்கு லொசார்டனும் நீர்க்குளிசையும் (சிறுநீரைக் கூடப் போகச்செய்யும் மருந்து) சேர்ந்த ஒரு குளிசை. சீனி வருத்தத்துக்கு மெற்போமினும் எம்பாகிளிஃப்ளோசினும். முழங்கால் வலிக்கு, ஒருவரையும் கேளாமல் தானே வாங்கிக்கொண்ட இபுபுரோஃபன். வந்த ஆறாம் நாள் கண்ணகை அம்மன் கோயில் சடங்கு. விரதம் வேறு. பகல் முழுக்கக் கோயில் வளவில் ஓடியாடி நின்றிருக்கிறார். பின்னேரம் தலை சுத்துது என்று குந்தியவர் எழும்பவில்லை. கொண்டுவந்தபோது உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற தங்கச்சியின் பெயரைக் கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. சிறுநீரகம் பாதி வேலைநிறுத்தம்.

ஆள் பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் மகன் வீடியோவில் வந்து கேட்டார்: "டொக்டர், அப்பா அந்த ஊரிலதானே பிறந்து வளர்ந்தவர். வெயில் அவருக்குப் புதுசா?"

நான்கு பேரின் வீட்டாரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். வயதான ஆம்பிளைகள் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்பதில்லை. "நான் இந்த மண்ணில புரண்டு வளர்ந்தவன் டொக்டர் புள்ள, இந்த வெயில் என்னை என்ன செய்யும்?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்கள்.

செய்யும். எப்படி என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லித்தான் என் தொண்டை வற்றுகிறது.

ஊர் மொழி மறக்காது. கோயில் பாட்டு மறக்காது. வேர்வைக்கு மட்டும் ஞாபகம் கிடையாது. வெயிலுக்கு உடம்பு பழகுவது என்பது இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவதும், வேர்வை நேரத்தோடு தொடங்கிக் கூடுதலாகச் சுரப்பதும், அந்த வேர்வையில் உப்புக் குறைவதும்தான். வெக்கைக்குள் தினமும் புழங்கினால் இந்த மாற்றங்கள் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களில் வந்துவிடும். வெக்கையை விட்டுப் போனால் சில கிழமைகளிலேயே கழன்றும் விடும். 34 வருடமெல்லாம் தேவையில்லை, ஒரு மாதமே அதிகம். நான் பயிற்சிக் காலத்தில் குளிரான நுவரெலியாவில் இரண்டு மாதம் இருந்துவிட்டு ஏப்ரலில் வீட்டுக்கு வந்தேன். ஏறாவூரில் பஸ்ஸால் இறங்கி நடக்கும்போது எனக்கே கண் இருண்டது. அப்போது எனக்கு 27 வயது, ஒரு குளிசையும் எடுக்காதவள்.

அதோடு இன்னொன்று. இங்கிருந்து போனது 38 வயது உடம்பு, திரும்பி வந்திருப்பது 72 வயது உடம்பு. இந்த வயதில் தாகம் பிந்தித்தான் தெரியும், வேர்வை குறையும், சிறுநீரகத்துக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பலம் போய்விடும். "தாகமே இல்லை, பிறகேன் குடிக்க?" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வருகிறது.

இதே பிறந்த மண் கதை டெங்குக்கும் வரும். "எங்களுக்குச் சின்ன வயசிலயே வந்து போனதுதானே." அதனால்தான் பயப்பட வேண்டும். டெங்கு வைரஸில் நான்கு வகை இருக்கிறது. ஒன்று வந்து போனவருக்கு வேறொரு வகை வரும்போது அது கடுமையாகும் வாய்ப்புக் கூட. காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும் போடுங்கள். இபுபுரோஃபன், டைக்குளோஃபெனக் பக்கம் போகவே வேண்டாம். இரத்தம் கட்டியாகாமல் இருக்க அஸ்பிரின், குளோப்பிடோகிரல், வோர்பரின் எடுப்பவர்கள் காய்ச்சலின் முதல் நாளே அதைச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் பார்மசிக்காரர் கண்டுபிடிக்கும்வரை வைத்திருக்க வேண்டாம்.

சரி, எப்போது வருவது?

கனடாவிலும் சுவிஸிலும் இருப்பவர்களுக்கு நவம்பரில் குளிர் பிடிக்கத் தொடங்கியதும் ஊர் ஞாபகம் வரும். அந்த நேரம் இங்கே மாரி. எங்களுடைய வருட மழையில் பெரும்பங்கு நவம்பர், டிசம்பர், ஜனவரியில்தான் கொட்டுகிறது. 1978 நவம்பரில் சூறாவளி, 2011 ஜனவரியில் மட்டக்களப்பையும் அம்பாறையையும் மூடிய வெள்ளம், இரண்டும் இந்தப் பருவத்தில் வந்தவைதான். வெக்கை இராது, ஆனால் நுளம்பும் வெள்ளமும் இருக்கும். சீனி வருத்தக்காரர் ஆசைக்கு வயலுக்குள் வெறுங்காலோடு இறங்குவார். மழை காலத்துச் சேற்றிலும் தண்ணீரிலும் எலிக்காய்ச்சல் மட்டுமல்ல, மெலியோய்டோசிஸ் என்ற பக்டீரியா நோயும் இருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் அது முதலில் தேடிப் பிடிக்கும். வழக்கமான அன்டிபயோட்டிக் பலவற்றுக்கு அடங்காது. வெளிநாட்டுக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், அங்குள்ள வைத்தியருக்கு இந்தப் பெயர் மனதில் வராமலும் போகலாம். "இலங்கையில் வயலில் இறங்கினேன்" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். வயலைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரம்பில் நின்று பாருங்கள்.

மே பிறந்தால் கச்சான் காற்று. (கச்சான் என்றால் கோயில் வாசலில் விற்கும் கடலை மட்டும்தான் என்று நினைக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.) தென்மேல் பருவக்காற்று மலைநாட்டுக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, எங்களிடம் வரும்போது காய்ந்த சூடாக வரும். நண்பகலில் 34, 35 பாகை. அந்தக் காற்றில் வேர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும். வேர்க்கவேயில்லை என்று நினைத்துக்கொண்டே உடம்பு நீரை இழந்துகொண்டிருக்கும். கடற்கரைதானே, குளிர்ச்சியாக இருக்கும் என்று வருகிறவர்கள் கச்சான் பலமாக அடிக்கும் ஒரு நாள் மத்தியானம் வெளியே வந்து நிற்கட்டும், அன்றைக்குக் கடற்காற்று கரையேறக்கூட மாட்டாது.

ஆகவே என்னைக் கேட்டால் பெப்ரவரி. தைப்பொங்கல் போய், மழை ஓய்ந்து, காலையில் இன்னும் இதமாக இருக்கும் காலம். அங்கிருந்து வெக்கை மெல்ல மெல்ல ஏறும், உடம்பும் கூடவே ஏறிப் பழகும். அங்குள்ள பனியில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும், அது கவலைதான். டிக்கெட் மலிவு என்று மேயில் வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

குளிசைகளுக்கு வருவோம். குளிர் நாட்டில் அளந்து தந்த பிரஷர் மருந்து இங்கே கூடிப்போகலாம். சூட்டில் இரத்தக்குழாய் விரியும், பிரஷர் இறங்கும், அதற்கு மேல் நீர்க்குளிசை. கட்டிலால் எழும்பும்போது விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வருவார்கள். இதைப் படித்துவிட்டு நாளைக்கே குளிசையை நிறுத்திவிட்டு, "டொக்டர்தான் எழுதினவ" என்று வராதீர்கள்! நிறுத்தச் சொல்லவில்லை. விமானம் ஏறுமுன் அங்குள்ள வைத்தியரிடம், வெப்பமான ஊருக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள். வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் வரும் நாட்களில் எந்தக் குளிசையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நீர்க்குளிசை, லொசார்டன் வகை, மெற்போமின், எம்பாகிளிஃப்ளோசின் வகை, இந்த நான்கையும் பெயர் சொல்லியே கேளுங்கள். இங்கு வந்து முதல் இரண்டு கிழமையில் இருந்தபடி ஒருமுறை, எழும்பி நின்றபடி ஒருமுறை பிரஷர் பாருங்கள்.

லொசார்டன், நீர்க்குளிசை, வலிக்குளிசை. இந்த மூன்றும் தண்ணீர் வற்றிய உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு என்ன நடக்கும் என்று எந்த வாட்டிலும் உள்ள எந்த இளம் வைத்தியரும் நித்திரையிலும் சொல்வார். முழங்கால் வலிக்கு வேறு வழிகள் இருக்கின்றன, வந்து கேளுங்கள்.

இன்னொரு மன்றாட்டம்: மருந்தின் பெயர். "அந்த வெள்ளைக் குளிசை, நடுவில கோடு போட்டது" என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது. பெட்டியில் இருக்கும் கம்பனிப் பெயரும் போதாது, அங்குள்ள பெயர் இங்கே இராது. மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

இன்சுலினைச் சூட்கேஸில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பாதீர்கள், உறைந்தால் அது வெறும் தண்ணீர்தான். கையோடு கொண்டுவாருங்கள். திறக்காதவை 2 முதல் 8 பாகைக்குள், பிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்கட்டும். பாவிக்கும் பேனாவைப் பொதுவாக 30 பாகைக்குக் கீழே வெளியில் வைக்கலாம், எத்தனை நாள் என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் ஜூன் மாதம் எங்கள் சீற் வீட்டு அறைகள் 30ஐக் காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். கரண்ட் போகும் நாட்களில் மண்சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் ஒரு சின்னச் சட்டியை வைத்து மூடினால், கச்சான் காற்றுக்கு அது நன்றாகவே குளிரும். எங்கள் அம்மம்மாமாருக்குத் தெரிந்த வித்தை, காசும் போகாது.

இளநீரையும் சொல்லிவிடுகிறேன், ஏசுவீர்கள் என்று தெரியும். சிறுநீரகம் நல்லாக இருப்பவர் குடிக்கட்டும். சிறுநீரகம் பழுதானவர், லொசார்டன் வகையோ ஸ்பைரோனோலக்டோனோ எடுப்பவர், சூடு தணிக்கவென்று நாளுக்கு நான்கு செவ்விளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். தண்ணீர் குடியுங்கள். வேர்த்து ஊற்றினால் உப்புப் போட்ட மோர், வயிற்றோட்டம் என்றால் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்). இதயம் பலவீனம் என்று தண்ணீர் அளந்து குடிக்கச் சொன்னவர்கள், அந்த அளவை இங்கே மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

குளிரால் மூட்டு வலி, வெயிலுக்கு வந்தால் போய்விடும் என்பதும் பாதிதான் உண்மை. குளிரில் விரல் வெளுத்து விறைப்பவர்களுக்கு இங்கே நல்ல சுகம். தேய்ந்த முழங்கால் தேய்ந்ததுதான், குருத்தெலும்பு விமானத்தில் வளராது. மூட்டு வலிக்குத் தப்பி வந்து சிக்குன்குன்யாவில் படுத்தவர்களும் உண்டு. 2006 கடைசியில் மட்டக்களப்பும் கல்முனையும் அதில் முடங்கிக் கிடந்ததை இங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

வெளிநாட்டவர்களை மட்டும் பிடித்து ஏசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் இழுப்பு வருத்தம் உள்ள அம்மாமாரைப் பிள்ளைகள் கீழே கூட்டிவருகிறார்கள். பலருக்குக் குளிர் விட்டதும் சுகம்தான். அந்தச் சுகத்தை நம்பி இன்ஹேலரை விட்டுவிட, மாரியில் சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது, இழுப்புத் திரும்பி வருகிறது, நடுச்சாமத்தில் ஓட்டோ தேடுகிறார்கள்.

யாராவது வெயிலில் விழுந்து, பேச்சுக் குழறினால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிழலுக்கு எடுத்து, உடுப்பைத் தளர்த்தி, தண்ணீரை ஊற்றி ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் சோடா ஊற்ற வேண்டாம். பரசிற்றமோல் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

அந்த ஐயா போன கிழமை கிளினிக்குக்கு நடந்தே வந்தார். நிறம் திரும்பியிருந்தது. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, இந்த முறை உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடக்கலாமா என்பது. இந்த வருடம் நினைக்கவே வேண்டாம் என்றேன். முருகன் கோபிப்பார் என்றார். என் கோபத்தை முதலில் பாருங்கள் என்றேன்.

"அப்ப வாற வருசம், புள்ள?"

முதலில் அந்த இபுபுரோஃபன் போத்தலை மேசையில் வையுங்கள், பிறகு பேசுவோம் என்றேன். சேட்டுப் பொக்கற்றிலிருந்து எடுத்து வைத்தார். போன முறை பார்த்ததைவிட நாலைந்து குறைந்திருந்தது.