பழைய பிக்கப்பும் மாற்றுத் தொட்டியும்: அந்த ஒரு விரல் இடைவெளி எதற்கு?

பிக்கப் வண்டியில் கேபினும் பின்னாலிருக்கும் சரக்குத் தொட்டியும் ஒட்டி நிற்பதில்லை. நடுவே விரல் நுழையும் அளவுக்காவது இடம் விட்டிருக்கும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் முறுக்கிக்கொள்ள விட்ட இடம் அது. ஒரு அட்டைக் குழாயைக் கையால் முறுக்கினால் அசையாது. அதையே நீளவாக்கில் கிழித்துவிட்டு முறுக்கினால் சட்டென்று திருகிக்கொள்ளும். பழைய பிக்கப்புகள் பலவற்றின் சேஸிஸ், ஒரு பக்கம் திறந்த ‘ப’ வடிவ உத்திரங்களால் ஆனது. ஒரு பின்சக்கரம் மேட்டில் ஏறினாலே அது திருகும், கேபின் ஒரு வாக்கிலும் தொட்டி வேறு வாக்கிலும் சாயும். இடைவெளி குறைந்தால் தொட்டியின் மூலை கேபினில் இடிக்கும்.

ஆகவே மாற்றுத் தொட்டி வாங்கும் முன்பே டேப் வேண்டும். கேபினின் பின்சுவரிலிருந்து பின் அச்சின் மையம் வரை அளந்துகொள்ளுங்கள். சக்கர வளைவின் நடு, அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். 8 அடித் தொட்டிக்கான சேஸிஸில் ஆறரை அடித் தொட்டி பொருந்தாது. போல்ட் துளைகளும் எரிபொருள் டேங்கின் வாய் இருக்கும் பக்கமும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

பழைய தொட்டியைக் கழற்றும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனை, பிறகு டேங்க் வாயின் திருகுகள், விளக்கு கனெக்டர், எர்த் ஒயர். கடைசியில்தான் போல்ட்கள், பெரும்பாலும் 6 அல்லது 8. துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு வையுங்கள். வம்பு செய்வது பெரும்பாலும் சேஸிஸோடு பிடித்துவைத்த நட்டுதான். பிடி விட்டுப்போனால் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். அப்போது கேஸ் கட்டிங் பக்கம் போகவே கூடாது, டேங்கும் பிரேக் குழாயும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஹேக்சா பிளேடு மெதுவாக அறுக்கும், ஆனால் தீப்பொறி வராது. பின்கதவைத் தனியே கழற்றினால் தூக்கும் பாரம் குறையும். அப்படியும் முழுநீள இரும்புத் தொட்டிக்கு நான்கு பேர் அல்லது செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி) தேவை.

சேஸிஸ் வெறுமையாக இருக்கும்போது துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்துவிடுங்கள். ஃப்யூயல் பம்ப் டேங்கின் தலையில் இருக்கும் வண்டியானால், அதை மாற்ற இதைவிட வசதியான நேரம் வாய்க்காது.

புதுத் தொட்டியை ரப்பர் பேட்கள் மேல் இறக்கி, எல்லா போல்ட்களையும் கையால் மட்டும் ஏற்றுங்கள். இரு பக்க இடைவெளியும் சமமான பிறகு குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றாக முறுக்குங்கள். ஒரு மூலை சேஸிஸில் உட்காராமல் நின்றால் தகடு வைத்து நிரப்ப வேண்டும். போல்ட்டால் இழுத்து உட்காரவைத்தால் தரைத்தகடு எப்போதும் விறைத்தே இருக்கும், கொஞ்ச காலத்தில் துளையைச் சுற்றி வெடிப்பு விடும். புதுத் துளை போட்டே ஆக வேண்டுமென்றால் உத்திரத்தின் செங்குத்துச் சுவரில்தான். மேல், கீழ் விளிம்புகள்தான் பாரத்தின் வளைவை அதிகம் தாங்குகின்றன.

டேங்க் குழாய் மடங்கியிருந்தால் எரிபொருள் எதிர்த்து வந்து பெட்ரோல் பங்கில் எரிபொருள் விடும் துப்பாக்கி அடிக்கடி ‘டக்’கென்று நின்றுவிடும். பிரேக் மிதித்ததும் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? எர்த் ஒயரை மறந்திருக்கிறீர்கள். மின்சாரம் திரும்ப வழியில்லாமல் அடுத்த பல்பின் இழை வழியாகப் போகிறது.