பல்லாங்குழி விழுந்த தகட்டில் சுடாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, பேப்பரில் சுற்றிய தகட்டை மேஜைமேல் வைத்தார். "அண்ணே, ரைஃபிள் கிளப்புல .22 சின்னக் குண்டு பிராக்டிஸுக்கு டார்கெட் வேணும். இது 304 ஸ்டெயின்லெஸ், செவ்வாப்பேட்டை ஸ்க்ராப்புல கெடச்சுது. வட்டமா வெட்டி, பின்னாடி ஒரு கொக்கி வெல்டு வெச்சுக் குடுங்க. துருவே பிடிக்காது, ஆயுசுக்கும் வரும்."

1981-லிருந்து உருக்காலை ஓடுகிற ஊர் இது. சேலத்துக்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் என்றால் ஒரு பாசம். ஆனால் துருவைத் தாங்குவது வேறு, குண்டைத் தாங்குவது வேறு.

குண்டுக்கு முன்னால் எடுபடுவது தகட்டின் கடினத்தன்மைதான். கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு 120 முதல் 150 வரை வரும். 304 ஸ்டெயின்லெஸ் அதற்குக் கொஞ்சம் மேலே போனாலும் 200-க்குள் நின்றுவிடும். டார்கெட்டுக்குப் பெயர்போன ஏ.ஆர். 500 என்கிற, உராய்வில் எளிதில் தேயாத எஃகுத் தகடு சுமார் 500. ஈயக் குண்டு வழவழப்பான கடினத் தகட்டில் பட்டால் நசுங்கி, தகட்டின் முகத்தை ஒட்டியே விசிறி மாதிரி சிதறிப் போகும். மென்மையான தகட்டில் குழி விழும். அடுத்த குண்டு அந்தக் குழிக்குள் இறங்கினால், குழியின் சரிவு சிதறலைத் திருப்பி நம் பக்கமே அனுப்பிவிடும். ஓட்டை விழாதவரை தகடு நன்றாக இருக்கிறது என்று நினைத்துப் பலர் சுடுகிறார்கள். என் கணக்கில் அது பல்லாங்குழிப் பலகை மாதிரி ஆன அன்றே அதன் வேலை முடிந்தது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருஷத்துக்கு முன்னால் நல்ல ஏ.ஆர். 500 தகடு ஒன்று கிடைத்தது. வழக்கம்போல கேஸ் கட்டிங் போட்டு வட்டமாக வெட்டி, பின்புறம் நடுவில் கொக்கியை வெல்டு அடித்துக் கொடுத்தேன். சில வாரத்தில் தகடு திரும்பி வந்தது. மற்ற இடமெல்லாம் பளிங்கு மாதிரி இருக்க, கொக்கிக்கு நேர் முன்னால் மட்டும் குழி குழியாக இருந்தது. சுட்டவரின் கண்ணாடியில் ஈயத்துணுக்கின் கீறல். கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. இந்தத் தகட்டைச் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துத்தான் கடினமாக்குகிறார்கள். மறுபடி சூடு ஏறினால் அந்த இடம் கடினம் போய் மென்மையாகிவிடும். தப்பு தகட்டுடையது இல்லை, என் வெல்டிங்குடையது. இப்போதெல்லாம் சூடேறாமல் தண்ணீர்ப் பாய்ச்சலால் அறுக்கும் வாட்டர்ஜெட்டில் வெட்டி, போல்ட் ஓட்டையையும் அதிலேயே போட்டு வாங்குகிறேன். தகட்டில் வெல்டிங்கே கிடையாது.

சிலர் கல் குவாரி கிரஷரின் பழைய தாடைத் தகட்டைக் கொண்டுவருகிறார்கள். அது மாங்கனீஸ் எஃகு. அடி வாங்க வாங்க மேல்தோல் இறுகும். ஆனால் அது இறுகுவதற்குள் குழி விழுந்துவிடும். போதாததற்கு அதன் முகத்தில் வரிவரியாகப் பல்லும் இருக்கிறது. டார்கெட்டுக்கு அதைவிட மோசமான முகம் கிடையாது. டிப்பர் தொட்டிக்கு அடிக்கிற, தேய்மானம் தாங்கும் தகட்டின் (வேர் பிளேட்) வெட்டி மிஞ்சிய துண்டு பரவாயில்லை. ஆனால் அதிலும் 400, 500 என்று ரகம் உண்டு, கேட்டு வாங்குங்கள். சந்தேகமானால் ஓரத்தில் புது அரத்தை ஓட்டிப் பாருங்கள். எம்.எஸ்.-ஐச் சுலபமாகக் கடிக்கும், 500 தகட்டில் கடிக்கத் திணறும்.

தகட்டைத் தின்பது குண்டின் வேகம். .22 குண்டு சுமார் 2.6 கிராம், நொடிக்கு 330 மீட்டர் போகும். அதன் அடி ஏறக்குறைய 140 ஜூல். போட்டி ஏர் ரைஃபிளில் 8 ஜூல்தான். அதற்கு ஏ.ஆர். 500 வாங்குவது வெட்டிச் செலவு, எம்.எஸ். போதும். ஆனால் எஃகு உருண்டை போடும் விளையாட்டுத் துப்பாக்கியை எந்த இரும்புத் தகட்டிலும் சுடக் கூடாது. உருண்டை நசுங்காது, அப்படியே திரும்பி வரும்.

தம்பிக்கு 10 மில்லிமீட்டர் தடிமனான ஏ.ஆர். 500-ல் ஓரடி வட்டம் வெட்டி வாங்கிக் கொடுத்தேன். ஐந்தரைக் கிலோ வந்தது. மேல்விளிம்பு முன்னால் சாய்கிற மாதிரி செயினில் தொங்கவிடச் சொன்னேன், சிதறல் மண்ணுக்குப் போகும். ஸ்டெயின்லெஸ் தகட்டை என்ன செய்வது என்று கேட்டார். "அம்மாகிட்ட குடுங்க, தோசைக்கல்லுக்கு மூடியாகும்" என்றேன். பிறகு மெதுவாக, சுட்டுவிட்டு வந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அந்தத் தோசையைத் தொட வேண்டாம், ஈயத்தூள் கையிலேயே இருக்கும் என்றும் சொன்னேன்.