எசன்ஸ்: சாறா, மணமூட்டியா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் பன்னீர் சோடா குடிக்கும்போது ஒரு நொடி மூக்கைப் பொத்திக்கொண்டால், நாவில் இனிப்பும் சுள்ளென்று குத்தும் கேஸும் மட்டுமே எஞ்சும், ரோஜா காணாமற்போகும். கையை எடுத்ததும் அது திரும்பி வந்துவிடும். ஆக, சோடாவில் விட்ட எசன்ஸ் நாவுக்கு உரியதன்று, மூக்குக்கு உரியது. அதைச் 'சுவையூட்டி' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. உப்பும் சர்க்கரையும் புளியுமே சுவையூட்டிகள்.

சொல்லின் வேர் இலத்தீன். 'இருத்தல்' என்னும் பொருளுடைய 'எஸ்ஸே' என்ற வினையிலிருந்து பிறந்த 'எசென்ஷியா', ஒரு பொருளை அதுவாக இருக்கச்செய்யும் உள்ளியல்பைக் குறித்தது. பிற்காலத்தில் பூ, வேர், பட்டை ஆகியவற்றை வடித்தெடுத்த செறிந்த நீர்மத்துக்கும் அதுவே பெயராயிற்று. நமக்கு அது ஆங்கிலத்தின் வழியே வந்தது. (பிரெஞ்சில் 'எசான்ஸ்' என்றால் பெட்ரோலும்கூட, புதுச்சேரிக்காரர்கள் சிலருக்கு இது தெரிந்த வேடிக்கைதான்.)

தமிழில் 'சத்து' பொருந்தாது; அது ஊட்டத்தைச் சொல்வது, எசன்ஸில் ஊட்டம் ஏதுமில்லை. 'சாரம்' பேச்சுக்கும் கட்டுரைக்கும் போய்விட்டது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் தலைவியின் கண்ணில் நிறையும் தாளிப்புப் புகைக்குக் 'குய்ப்புகை' என்று பெயர். 'குய்' அழகான சொல்லே, ஆனால் அடுப்பைவிட்டு அது நகராது.

எஞ்சுவது 'சாறு'. நன்னாரி வேரைக் கொதிக்கவைத்து இறக்கினால் கிடைப்பது சாறு என்பதில் ஐயமில்லை. வனிலா அப்படியன்று. அதன் மணப்பொருளான வனிலினை 1874இல் டீமன், ஹார்மன் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஊசியிலை மரத்திலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டே செய்துகாட்டினார்கள். இன்று கேக் சாமான் கடையில் வாங்கும் மலிவான குப்பியில் பெரும்பாலும் வனிலாக் காயின் துளிகூட இராது. வியப்பு என்னவென்றால், நன்னாரியின் மணத்துக்குக் காரணமான பொருளும் வனிலினும் ஒரே அணுக்களை ஒரே எண்ணிக்கையில் கொண்டவை. அடுக்கு மட்டுமே வேறு.

எனவே மூலப்பொருளிலிருந்தே எடுத்ததைச் 'சாறு' என்றும், எவ்வழியில் செய்ததாயினும் மணத்துக்காகச் சேர்ப்பதை 'மணமூட்டி' என்றும் எழுதலாம். நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் பிரிக்கும் இயற்கை, இயற்கையை ஒத்தது, செயற்கை ஆகிய மூவகைக்கும் 'மணமூட்டி' முன்னொட்டோடு இயல்பாக இணைகிறது: செயற்கை மணமூட்டி. செயற்கைச் சாறு என்று எழுதினால்தான் இடறுகிறது.